அம்மா தலையில் அடித்த சத்தியம்

எங்கள் கம்பெனி விடுதிக்கு ஒரு மேடம் வந்திருந்தார். கிராமத்துப் பிள்ளைகள் ஏன் நிலத்தை விட்டுவிட்டுக் கம்பெனி வேலைக்கு வருகிறார்கள் என்று ஆராய்ச்சி செய்கிறாராம். ஷிப்ட் முடிந்து வந்த எங்களை முகம் கழுவக்கூட விடாமல் உட்கார வைத்துக் கேட்டார். மழை இல்லையா, கிணறு வற்றிவிட்டதா, விளைச்சலுக்கு விலை இல்லையா? கூட இருந்த பெண்கள் அவர் மனம் கோணக் கூடாது என்று எல்லாவற்றுக்கும் ஆமாம் போட்டார்கள். என் முறை வந்தது. "எங்க ஊர்ல மழ பேஞ்சுது மேடம். கெணத்துல தண்ணி இருந்துது. எங்கப்பாவும் இருந்தாரு" என்றேன். அவர் சிரித்துவிட்டு அடுத்த பெண்ணிடம் போய்விட்டார்.

சிரிக்க அதில் ஒன்றுமில்லை. அவர் கேட்காமல் விட்டதை நானே சொல்கிறேன்.

எலவனாசூர்கோட்டையிலிருந்து உள்ளே பிரியும் ரோட்டில் எங்கள் ஊர். நாலு ஏக்கர் நிலம், ஒரு கிணறு, இரண்டு கறவை மாடு. என் அப்பா ஆதிமூலத்தைப் பற்றி ஊரில் யாரைக் கேட்டாலும் தங்கமான மனிதர் என்பார்கள். குடிக்க மாட்டார், சீட்டாட மாட்டார், அடுத்தவன் வரப்பில் ஒரு சாண் வெட்ட மாட்டார். அவருடைய கொடுமை எல்லாம் வீட்டோடு சரி. வெளியாளுக்கு அவர் ஒரு சொட்டுக்கூடக் கொடுத்ததில்லை.

கூலிக்கு வரும் ஆட்களிடம் "வாப்பா, டீ குடிச்சிட்டு எறங்கு" என்பார். அவர்கள் மத்தியானத்தோடு வேலை முடித்து வீட்டுக்குப் போவார்கள். என் அண்ணன் அஜித்குமார் டிப்ளமோ முடித்துவிட்டு அதே நிலத்தில் இருட்டும்வரை நிற்பான். அவனுக்கு டீ கிடையாது, கூலி கிடையாது, பெயர்கூடக் கிடையாது. "டேய்" மட்டும்தான். இருபத்தைந்து வயதுப் பிள்ளை முடி வெட்டிக்கொள்ள வேண்டுமென்றால் அம்மாவிடம் சொல்வான். அம்மா, அப்பா முகம் பார்த்து, நேரம் பார்த்து, பயந்து பயந்து எடுத்துச் சொல்வாள். மோட்டார் ஸ்டார்ட்டரில் அப்பா கையைத் தவிர வேறு கை படக்கூடாது.

ஒருமுறை அண்ணன் அலைந்து திரிந்து மானியத்தில் சொட்டுநீர்க் குழாய் வாங்கிக் கத்தரித் தோட்டத்தில் போட்டான். ஒரே வாரம். களையெடுக்கும் பெண்கள் எல்லாரும் நிற்கும்போது அப்பா இறங்கிப்போய்க் குழாய்களைப் பிடுங்கிச் சுருட்டினார். "கொயந்த மூத்தரம் பேயற மாரி தண்ணி வுட்டா பயிர் வெளையுமாடா? படிச்ச படிப்பு இன்னா படிப்போ" என்றார். பெண்கள் சிரித்தார்கள். பாவம், சிரிக்காமல் இருந்தால் அடுத்த நாள் வேலைக்குக் கூப்பிட மாட்டாரே. அந்தக் குழாயை வெட்டித்தான் அப்பா கன்றுக்குட்டியைக் கட்டினார். அண்ணன் தினமும் அந்தக் கன்றை அவிழ்த்துக் கட்ட வேண்டியிருந்தது.

அவனுக்குப் பெண் தேடியபோதும் இதே கதைதான். திருநாவலூர் பக்கமிருந்து வீடு பார்க்க வந்தார்கள். பெண்ணின் அப்பா மரியாதையாகத்தான் கேட்டார், "நெலத்துல தம்பி பேர்ல எதுனா இருக்குதுங்களா?" என்று. அப்பா, "ஏன், நான் எப்ப சாவறன்னு பாத்துட்டுப் போவ வந்தீங்களா?" என்றார். வைத்த ஜாங்கிரியைத் தொடாமல் எழுந்து போனார்கள். அன்று சாயங்காலமே அண்ணன் கம்பெனிகளுக்கு விண்ணப்பம் போட ஆரம்பித்தான்.

கார்த்திகையில் ஒரகடத்தில் கார் பாகம் செய்யும் கம்பெனி ஒன்று அவனைக் கூப்பிட்டது. அப்பா வானத்துக்கும் பூமிக்கும் குதிப்பார் என்று நினைத்தேன். குதிக்கவில்லை. அம்மாவைக் கூப்பிட்டு நடுவீட்டில் உட்காரச் சொன்னார்.

"கரும்பு வெட்டி ஆலைக்குப் போற வரைக்கும் ஊரத் தாண்டமாட்டன்னு உங்கம்மா தலையில அடிச்சி சத்தியம் பண்ணு. அப்பறம் நீ எந்தச் சீமைக்குனா போ. நான் இன்னான்னு கேக்கமாட்டன்."

அண்ணனுக்கு நம்பவே முடியவில்லை. கரும்பு முற்றிக் கத்திக்கு ரெடியாக நின்றது. எங்கள் பக்கம் கரும்பைச் சொந்த இஷ்டத்துக்கு வெட்ட முடியாது. நட்ட தேதிப்படி ஆலை உத்தரவு கொடுக்கும், அப்போதுதான் ஆள் இறங்கும். எங்கள் வயலுக்கு மார்கழி பிறந்ததும் உத்தரவு வந்துவிடும் கணக்கு. கம்பெனிக்காரர்களும் அதுவரை பொறுப்பதாகச் சொன்னார்கள். அண்ணன் சந்தோஷமாக அம்மா உச்சந்தலையில் உள்ளங்கையை வைத்து அடித்தான். அம்மா கண்ணை மூடிக்கொண்டாள்.

எங்கள் ஊரில் கோர்ட்டில் கூசாமல் பொய் சொல்லிவிட்டு வருகிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் அம்மா தலையில் அடித்த சத்தியத்தை மீற ஒருவனுக்கும் துணிச்சல் கிடையாது. மீறினால் பெற்றவள் செத்துப்போவாள். அப்படிச் செத்தவர்கள் என்று தெருவுக்கு ஒரு பெயர் சொல்வார்கள். அண்ணன் டிப்ளமோ படித்தவன்தான், ஆனாலும் அம்மாவுக்குப் பிள்ளை.

மார்கழி பிறந்தது. உத்தரவு வரவில்லை. எங்களுக்கு அப்புறம் நட்ட பக்கத்து வயல் மாயவனுடைய கரும்பை வெட்டினார்கள். எங்களுடையது நின்றது. அண்ணன் ஆலையின் கோட்ட அலுவலகத்துக்கு நடையாய் நடந்தான். வரும், வரும் என்றார்கள். அப்பா ஒன்றும் தெரியாதவர் மாதிரி, "கவர்மெண்டு காரியம் மாரிதான்டா இதுவும்" என்று வெற்றிலை போட்டுக்கொண்டார். மார்கழி முடிவதற்குள் வயல் முழுக்க வெள்ளை வெள்ளையாகப் பூ வந்துவிட்டது. பூ வைத்த கரும்பு உள்ளே சக்கையாகும், எடை குறையும். வயலைப் பார்த்த அம்மா வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போனாள். கம்பெனியிலிருந்து மறுபடி போன் வந்தது. பொங்கல் கழிந்த திங்கட்கிழமை வராவிட்டால் வேறு ஆளை எடுத்துக்கொள்வோம் என்று சொல்லிவிட்டார்கள்.

பொங்கலன்று கரும்பு வெட்டும் மேஸ்திரி பழனி எங்கள் வரப்பு வழியாக வந்தார். அண்ணனும் நானும் புல் அறுத்துக்கொண்டிருந்தோம்.

"எப்பண்ணா எங்களுது?" என்று அண்ணன் கேட்டான்.

பழனி வரப்பில் நின்றுவிட்டார். அப்புறம், "உனுக்கு நெஜமாவே தெர்யாதா தம்பி?" என்றார். "ஒங்கப்பாருதான் ஆலை ஃபீல்டுமேன் வூட்டுக்கே போயி சொல்லிட்டு வந்தாரு. எங்குளுத கடேசில வெட்டுனா போதும், மாசி தாண்டட்டும்னு. நானும் கூடத்தான் இருந்தன். பூ வெச்சா எடை கம்மியாயிடும்யான்னன். எடை போனா போவுது, புள்ள போவக்கூடாதுன்னாரு."

கேட்கிறவர்களுக்கு இது பாசம் மாதிரி இருக்கும். எனக்கும் ஒரு நிமிஷம் அப்படித்தான் இருந்தது. பாசமாக இருந்தால் பிள்ளையிடம் போகாதே என்று வாய்விட்டுச் சொல்லியிருக்கலாமே. ஒருநாளும் சொன்னதில்லை. அவனுக்குப் பெண்டாட்டி கூடாது, கையில் காசு கூடாது, ஒரு பேச்சு கூடாது, ஆனால் அவன் வேண்டும். அப்படி வேண்டும் என்பதற்குப் பாசம் என்று பேர் வைத்தால் எனக்குக் கெட்ட கோபம் வரும்.

மறுநாள் முழுக்க அண்ணன் மாயவன் பக்கத்து வரப்போரமாக கரும்பின் உலர்ந்த இலைச் சோகையை உரித்து அகற்றிக்கொண்டிருந்தான். ஊரே மாட்டுக்குக் கொம்பு சீவிக்கொண்டிருக்கும்போது இவன் எதற்கு இந்த வேலை பார்க்கிறான் என்று நினைத்தேன். சாயங்காலம், காற்று விழுந்த நேரத்தில், வீட்டுக்கு வந்து என்னிடம் தீப்பெட்டி கேட்டான்.

"எதுக்குண்ணா?"

"சத்தியத்த முடிக்கறதுக்கு."

எனக்குப் புரிந்தது. மாயவன் வயலில் துளிர்க்கிற கட்டைக்குத் தீ தாவக்கூடாதென்றுதான் சோகையை உரித்திருக்கிறான். எங்கள் பக்கம் எல்லாருக்கும் தெரிந்த கதைதான். எரிந்த கரும்பு ஒவ்வொரு நாளும் சாறு வற்றும் என்பதால் ஆலை அதை வரிசையில் காக்க வைக்காது. விலையைக் குறைத்துக்கொண்டு உடனே எடுத்துக்கொள்ளும். உத்தரவு கிடைக்காத அவசரத்தில் சொந்த வயலையே கொளுத்திவிட்டு, எவனோ பீடி போட்டான் என்று சொல்கிறவர்கள் உண்டு. நான் அடுப்பு மேலிருந்த தீப்பெட்டியை எடுத்துக் கொடுத்தேன்.

கரும்புத் தீ சத்தம் போட்டு எரியும். ஒரு வருஷத்துச் சோகை ஒரு மூச்சில் போய்விட்டது. எலியும் முயலும் வரப்பேறி ஓடின. அப்பா தெருவிலிருந்து வேட்டியை மடித்துக்கட்டியபடி ஓடிவந்தார். ஊரே கூடிவிட்டது. அப்பா அண்ணனைப் பார்த்தார். அண்ணன் தலையைக் குனியவில்லை. கடைசியில் அப்பா கூட்டத்தைப் பார்த்து, "எவனோ பீடி குட்ச்சிட்டுப் போட்டுட்டு போய்க்கீறான்" என்றார். சொந்தப் பிள்ளை கொளுத்தினான் என்று ஊர் பேசினால் அவர் மானம் போய்விடும்.

ஆலைக்கு மாயவன் போன் போட்டுச் சொன்னார். விடிந்ததும் பழனி ஆட்களோடு இறங்கிவிட்டார். அண்ணனும் கத்தியெடுத்து அவர்களோடு நின்றான். எரிந்த கரும்பை வெட்டுகிறவன் அரைமணியில் கரியாகிவிடுவான். மத்தியானம் அம்மா சோற்றுக் குண்டானோடு வந்தாள். அண்ணன் கை கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தான்.

"ஆளுங்களுக்குத்தான் சோறு" என்றார் அப்பா.

அம்மா கரண்டியோடு அப்படியே நின்றாள். அண்ணன் எழுந்தான். அப்போது பழனியின் மனைவி காசியம்மாள் தன் தூக்குப்போசியைத் திறந்து, "இந்தா தம்பி, கூழுதான். குடிப்பியா?" என்று நீட்டினாள். அவர்கள் வீட்டில் எங்கள் வீட்டு ஆண்கள் தண்ணீர்கூட வாங்கிக் குடித்ததில்லை. அண்ணன் இரண்டு கையாலும் வாங்கி, போசியில் வாய் வைத்து, எல்லாரும் பார்க்க, கடைசிச் சொட்டுவரை குடித்தான். அப்பா முகம் போன போக்கை நான் பார்த்தேன். கரும்பு வயலே கருகியபோதுகூட அந்த முகம் அப்படிப் போகவில்லை.

சனிக்கிழமை கடைசி லோடு ஏறியது. வயல் காலியானதும் மேற்கே தூரத்தில் கல்வராயன் மலை தெரிந்தது. அண்ணன் லோடு மேலேயே ஏறி உட்கார்ந்துகொண்டான். கரும்பு ஆலைக்குப் போகும்வரை ஊரைத் தாண்டக்கூடாது என்பதுதானே சத்தியம், அதனால் கரும்போடு கரும்பாகவே போனான். ஆலையில் எடை போட்டதும், குழாயடியில் குளித்துவிட்டு அங்கிருந்தே பஸ் ஏறுவதாகத் திட்டம். முகம் முழுக்கக் கரி. பல்லும் கண்ணும் மட்டும் தெரிந்தன.

"நான் போயி ஒரு எடம் புட்ச்சிட்டு உன்னியும் கூட்டிக்கறன் சுதா" என்றான்.

டிராக்டர் ரோடு திரும்பும்வரை கை ஆட்டினேன். என் வாழ்க்கையில் யாருக்காகவும் அவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை.

மறுநாள் விடியும்போது அப்பா என் போர்வையை இழுத்தார். "ஏந்திரி. போயி மோட்டார போடு." அண்ணன் ஒருநாளும் தொடாத ஸ்டார்ட்டர் என் கைக்கு வந்தது. அது பதவி என்று நினைத்துவிட வேண்டாம். தண்ணி கட்டுவது, புல், சாணி, இரண்டு வேளை கறவை எல்லாம் என் தலையில் வந்து விழுந்தது. திருக்கோவிலூரில் பி.எஸ்ஸி. கடைசி வருஷம் படித்துக்கொண்டிருந்தேன். காலை பஸ்ஸை விட்டுவிட்டு இரண்டாவது வகுப்புக்குத்தான் போய்ச் சேர்வேன். என்மேல் சாணி வாடை வருகிறது என்று பக்கத்தில் உட்கார்ந்த சுபஸ்ரீ இடம் மாறினாள். அவளைக் குற்றம் சொல்ல மாட்டேன். வாடை வந்தது உண்மைதான்.

வேடிக்கை என்னவென்றால், ஆறு மாதம் போனதும் அப்பா டீக்கடையில் உட்கார்ந்து, "எம்பையன் ஒரகடத்துல கார் கம்பெனில கீறான்" என்று சொல்ல ஆரம்பித்தார். அண்ணன் அவருக்கு வெள்ளை வேட்டியும் போனும் அனுப்பினான். ஜாங்கிரியைத் தொடாமல் போன அதே திருநாவலூர்க்காரர்கள் தாங்களாகவே மறுபடி ஆள் விட்டார்கள். வெட்டிய கட்டையிலிருந்து மறுதாம்புக் கரும்பு கிளம்பி வளர்ந்தது. அதற்குத் தண்ணி கட்டியது நான்.

படிப்பை முடித்துவிட்டேன். எப்படி என்று கேட்காதீர்கள். ஐப்பசியில் செல்போன் தயாரிக்கும் கம்பெனி ஒன்று எங்கள் காலேஜில் ஆள் எடுத்தது. முடித்த பிள்ளைகளும் வரலாம் என்றார்கள். போனேன், எடுத்துக்கொண்டார்கள். பொங்கல் கழித்து ஸ்ரீபெரும்புதூரில் சேர வேண்டும், விடுதியும் அவர்களே தருவார்கள். அண்ணனுக்குத்தான் முதலில் போன் போட்டேன். "பொங்கலுக்கு வரன், நேர்ல பேசிக்கலாம்" என்றான். அவன் பேசினால் போதும் என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

மாட்டுப் பொங்கலன்று வந்தான். அப்பா எழுந்து போய் அவனுக்கு நாற்காலி எடுத்துப் போட்டார். "உக்காருப்பா" என்றார். அந்த வீட்டில் அந்த "ப்பா"வை நான் கேட்டதே இல்லை. இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து வடை தின்றார்கள். நான் கொம்புக்கு வர்ணம் பூசிய கையோடு வாசல்படியில் நின்றேன்.

"நீயும் வந்துட்டா அப்பாவ யாரு பாத்துக்குவா சுதா?" என்றான் அண்ணன். கோபமாகச் சொல்லவில்லை. ரொம்ப இதமாகச் சொன்னான். "மாடு கன்னு இருக்குது. கட்டக்கரும்பு நிக்கிது. எனுக்குக் கல்யாணம் ஆனாலும் நாங்க அங்கதான இருக்கணும்? ஒரு வருசம் பொறுத்துக்கோ."

"கூட்டிக்கறன்னு சொன்னியேண்ணா."

"சொன்னன். இப்ப யாரு இல்லன்னது?"

ஆள் வேறு, குரல் ஒன்று. இதைச் சொல்லத்தான் அவன் ஒரகடத்திலிருந்து வந்திருக்கிறான். அவனுக்காகத் தீப்பெட்டி எடுத்துக் கொடுத்த கை எனக்கு எரிந்தது.

அப்பா வாயைத் துடைத்துக்கொண்டு, "அம்சவள்ளி, இங்க வந்து உக்காரு" என்று அம்மாவைக் கூப்பிட்டார். அம்மா வந்து போன வருஷம் உட்கார்ந்த அதே இடத்தில் உட்கார்ந்தாள். "அண்ணன் கல்யாணம் முடிஞ்சி, கட்டக்கரும்பு வெட்டுற வரைக்கும் ஊரத் தாண்டமாட்டன்னு உங்கம்மா தலையில அடிச்சி சத்தியம் பண்ணு."

"பண்ணிடு சுதா" என்றான் அண்ணன்.

ஏன் என்று தெரியவில்லை, என் கை எழுந்துவிட்டது. இருபது வருஷமாகச் சொன்னதைச் செய்த கை அது. அம்மாவின் வகிடு வரைக்கும் போய்விட்டது.

அம்மா தலையை வெடுக்கென்று பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

"எந்தலைய வுடுங்க" என்றாள். அம்மா அப்பாவை எதிர்த்துப் பேசி நாங்கள் கேட்டதில்லை. "இவன் கைய வெச்சான். அன்னிலேர்ந்து லேசா தல வலிச்சாக்கூட சாவு வந்துட்ச்சின்னு பயந்துக்கினு கெடந்தன். இவன் வயல கொளுத்தி என்ன காப்பாத்துனான். இவ எத்தக் கொளுத்துவா? தன்னையா?"

"ஏய்" என்று அப்பா எழுந்தார்.

அம்மா அவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்து, "இன்னாடி நிக்கிற? பஸ்ஸு வர நேரம். போ" என்றாள். எழுந்து நிலைப்படியில் இரண்டு கையையும் வைத்து அடைத்துக்கொண்டு நின்றாள். நான் கட்டியிருந்த துணியோடு, கையில் வர்ணத்தோடு ஓடினேன். பின்னால் யாரும் வரவில்லை. தெருமுனை திரும்பும்போது எங்கள் வீட்டுக் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. நான் நிற்கவில்லை. நின்றிருந்தால் திரும்பிப் போயிருப்பேன்.

வேலைக்குச் சேர்ந்த நாலாம் நாள் அண்ணன் போன் போட்டான். "அம்மாவுக்குக் கை ஒடஞ்சிட்ச்சி. பால் கறக்கப் போயி மாடு ஒதச்சிட்ச்சாம். உனுக்கு இப்ப திருப்தியா? ஒழுங்கா கெளம்பிப் போயி பாத்துக்கோ."

"நீ போயி பாத்துக்கோ" என்று சொல்லிவிட்டுக் கட் செய்தேன். அப்புறம் மாயவன் வீட்டுக்கு அடித்து, அவர் மனைவியிடம் கெஞ்சி, அம்மாவிடம் போனைக் கொடுக்க வைத்தேன்.

"மாடுதான்டி" என்றாள் அம்மா. "கட்டுப் போட்டாச்சி. ஒண்ணுமில்ல."

இரண்டு மாட்டையும் ஒரு வருஷம் நான்தான் கறந்தேன். அடியில் தலையை முட்டிக்கொண்டு அரைத் தூக்கத்தில் கறந்திருக்கிறேன். ஒருநாள்கூட அவை காலைத் தூக்கியதில்லை. எங்கள் வீட்டில் உதைக்கத் தெரிந்தது மாடு இல்லை. அது அண்ணனுக்கும் தெரியும். தெரிந்துதான் மாடு என்றான்.

"யம்மா, நான் வந்துடட்டா?" என்றேன். நிஜமாகவே போய்விடலாம் என்றுதான் கேட்டேன்.

அந்தப் பக்கம் அம்மா குரலைத் தாழ்த்திக்கொண்டாள். யாரோ பக்கத்தில் வந்திருக்க வேண்டும்.

"வந்துடாத" என்றாள். "நான் செத்தாலும் வந்துடாத."